நகத்தை விடச் சிறிய சிப்... நடுக்கத்தை அளக்கும்!

மொபைல் போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் திரையில் உள்ள படமும் தானாகத் திரும்பிக் கொள்கிறது. காலையில் நடந்து விட்டு வந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குச் சொல்கிறது. இரண்டு வேலைக்கும் அடிப்படை போனுக்குள் இருக்கும் ஒரு சிறிய சிப்தான். அதன் பெயர் ஆக்சிலரோமீட்டர். பாடப் புத்தகத்தில் முடுக்கமானி என்று படித்திருப்பீர்கள்.

இந்தச் சிப் தனியாகவும் கடையில் கிடைக்கிறது. இதனை உங்கள் கம்ப்யூட்டருடன் இணைத்து, வீட்டில் எது எவ்வளவு அதிர்கிறது என்று திரையில் வரைபடமாகப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வாங்கி, கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் பழகியாயிற்று, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மாடிப்படி என்று அளக்க வீட்டிலேயே நிறைய உண்டு. எங்கள் தெருவில் இரண்டு ஆண்டுகளாக நடந்து வந்த ஒரு சண்டையைக் கூட இதைக் கொண்டு பாதி தீர்க்க முடிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிப்புக்குள் என்ன இருக்கிறது?

அம்பத்தூர் ஓ.டி. போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள். டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். வண்டியை எடுத்தால் பின்னால் சாய்கிறோம். எவ்வளவு சாய்கிறோம் என்பதை வைத்து, வெளியே பார்க்காமலேயே பஸ்ஸின் வேகம் எப்படி மாறுகிறது என்று சொல்லி விடலாம். சிப்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய ஒரு துளி எடை, மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அதன் ஓரங்களில் சீப்பின் பற்கள் போன்ற தகடுகள் உள்ளன. எதிரே அசையாத இன்னொரு சீப்பு. சிப் அசையும்போது எடை சற்றுப் பின்தங்குகிறது. இரண்டு சீப்புகளின் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளி மாறுகிறது. அதனால் அவற்றின் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றம் எண்ணாக வெளியே வருகிறது.

இந்த வகைச் சிப் முதலில் பெரிய அளவில் தயாரானது காருக்காக. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏ.டி.எக்ஸ்.எல்.50 என்ற சிப் 1993-ல் உற்பத்திக்கு வந்தது. மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரிய வைப்பதுதான் அதன் வேலை. பிறகு ஐ.பி.எம். நிறுவனம் 2003-ல் திங்க்பேட் லேப்டாப்களில் இதனைப் பொருத்தியது. மேசையிலிருந்து, அதாவது சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து லேப்டாப் விழுந்தால் தரையைத் தொட ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். அதற்குள் ஹார்ட் டிஸ்க்கின் ஹெட்டை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி விட்டால் டேட்டா பிழைக்கும். உங்கள் புதிய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. இருந்தால் இந்தக் கவலை இல்லை. அதில் ஹெட்டும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. 2006-ல் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி, 2007-ல் ஐபோன் என்று வரிசையாக வந்த பிறகு இவை கோடிக்கணக்கில் தயாராகி, விலை மளமளவென்று இறங்கியது.

நிலாவிலும் இதே தத்துவம்

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 நினைவிருக்கும். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த பயணம். அதன் விக்ரம் லேண்டரில் இல்சா என்ற நில அதிர்வுக் கருவி இருந்தது. அதற்குள் இருந்தவை சிலிக்கானில் செதுக்கிய ஆறு ஆக்சிலரோமீட்டர்கள். பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் லியோஸ் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. நாம் கடையில் வாங்குவதைப் போல் பல மடங்கு நுணுக்கமானது என்றாலும், எடை, ஸ்பிரிங், சீப்பு என்ற அமைப்பு அதேதான்.

என்னைக் கவர்ந்தது, அதன் பதிவுகளை விஞ்ஞானிகள் பிரித்த விதம். சுமார் 190 மணி நேரத்தில் 250-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. அவற்றில் ஏறக்குறைய 200, பிரக்யான் ரோவர் ஓடியது, மற்றக் கருவிகள் இயங்கியது போன்ற தெரிந்த வேலைகளோடு நேரம் ஒத்துப் போயின. மீதி சுமார் 50 அதிர்வுகளுக்கு அப்படிப் பொருத்தம் கிடைக்கவில்லை. கவனியுங்கள்! அதிர்ந்தது என்று மட்டும்தான் சிப் சொல்லும். யார் அதிர வைத்தது என்று அதற்குத் தெரியாது. எந்த நேரத்தில் என்ன ஓடியது என்ற குறிப்பு பக்கத்தில் இருந்தால்தான் பதிவுக்கு அர்த்தம் கிடைக்கும். நிலாவுக்கும் இதுதான், நம் வீட்டுத் தரைக்கும் இதுதான்.

காசு செலவில்லாமல் முதலில்

எதையும் வாங்கும் முன் கையில் இருக்கும் போனையே பயன்படுத்திப் பாருங்கள். ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப் உள்ளது. ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் 2016-ல் வெளியிட்டது. ஆண்ட்ராய்ட், ஐபோன் இரண்டிலும் இயங்கும். அதில் ஆக்சிலரேஷன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து இயக்கினால் மூன்று கோடுகள் ஓடும். ஒன்று இடம் வலம், ஒன்று முன் பின், ஒன்று மேல் கீழ்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால், ரிமோட் அக்சஸ் என்பதை ஆன் செய்திடுங்கள். ஒரு முகவரி காட்டும். அதைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் டைப் செய்தால் அதே வரைபடம் பெரிய திரையில் ஓடும். போனை வாஷிங் மெஷின் மேல் வைத்து விட்டு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். முடிந்ததும் எக்ஸெல் பைலாகச் சேமித்துக் கொள்ளலாம்.

முதல் தடவை பார்ப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. போன் மேசையில் சும்மா கிடக்கும்போதும் ஒரு கோடு 9.8 என்று காட்டும். சென்சார் கெட்டு விட்டது என்று நினைக்க வேண்டாம். அது புவியீர்ப்பு. அசையாமல் இருக்கும் பொருளிலும் இந்தச் சிப் அதை உணரும். போன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். இந்த 9.8-ஐத்தான் ஒரு ஜி என்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஜி. வீட்டு அதிர்வுகள் எல்லாம் பெரும்பாலும் மில்லி ஜி கணக்கில்தான் இருக்கும்.

சிப் வாங்கி இணைத்தல்

போன் போதுமே, தனிச் சிப் எதற்கு என்று கேட்கலாம். போனை நாள் முழுக்க ஒரு மூலையில் ஒட்டி வைக்க யாருக்கு மனம் வரும்? ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடைகளில் எம்.பி.யு.6050 என்று கேளுங்கள். சிப் மட்டும் 4 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம். கால்கள் அடிப்பக்கத்தில் இருப்பதால் கையால் சால்டர் செய்வது மிகக் கடினம். எனவே சிறிய போர்டில் பொருத்தியே விற்கிறார்கள். ஜி.ஒய்.521 என்பது அந்தப் போர்டின் பெயர். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் செலவுக்குள் அடங்கி விடும். இதனுடன் ஆர்டுயினோ யூனோ போர்டு ஒன்று, யு.எஸ்.பி. கேபிள், நான்கு ஜம்பர் ஒயர்கள் வேண்டும். போர்டில் பின் ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

இணைப்பு எளிது. சென்சார் போர்டில் வி.சி.சி. என்று எழுதியிருப்பது ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கு. ஜி.என்.டி. என்பது ஜி.என்.டி.க்கு. எஸ்.டி.ஏ. என்பது ஏ4-க்கு. எஸ்.சி.எல். என்பது ஏ5-க்கு. இந்தச் சிப் 3.3 வோல்ட் அளவில் வேலை செய்வது. போர்டில் ரெகுலேட்டர் இருப்பதால்தான் 5 வோல்ட் கொடுக்கிறோம். வேறு போர்டு வாங்கினால் அதில் ரெகுலேட்டர் உண்டா என்று விசாரித்து விட்டே கரண்ட் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐ.டி.இ. என்ற இலவச சாப்ட்வேரை நிறுவ வேண்டும். அதன் லைப்ரரி மேனேஜரில் அடாஃப்ரூட் எம்.பி.யு.6050 என்று தேடி இன்ஸ்டால் செய்திடுங்கள். கூடவே வேறு சில லைப்ரரிகளும் வேண்டுமா என்று கேட்கும். இன்ஸ்டால் ஆல் கொடுத்து விடுங்கள். பிறகு எக்ஸாம்பிள்ஸ் பட்டியலில் இந்த லைப்ரரியின் கீழ் பிளாட்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கும். அதனை அப்லோட் செய்து, டூல்ஸ் மெனுவில் சீரியல் பிளாட்டரைத் திறந்தால் கோடுகள் ஓடத் தொடங்கும். போர்டை விரலால் தட்டிப் பாருங்கள்.

எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள். ஜன்னலில் உள்ள பட்டியலில் 115200 என்று வையுங்கள். சிப் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால் ஒயர்களைச் சரி பாருங்கள். ஒயரெல்லாம் சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால், போர்டில் இருப்பது உண்மையான எம்.பி.யு.6050 அல்லாமல் அதே போன்ற வேறு சிப்பாக இருக்கலாம். சந்தையில் இது சகஜம். மாற்றித் தரும் கடையில் வாங்குவதே நல்லது.

தரையின் அதிர்வை அளப்பதென்றால் புரோகிராமில் இரண்டு மூன்று இடங்களைத் தொட வேண்டும். அளவெல்லையை 2 ஜி என்று சிறியதாக்குங்கள். பெரிய எல்லையில் நுணுக்கம் குறையும். ஃபில்டரை 44 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். டிலே என்ற வரியில் உள்ள எண்ணைக் குறையுங்கள். தரை விநாடிக்கு 20 முறை ஆடுகிறது என்றால், விநாடிக்கு 20 முறை அளந்தால் போதாது. குறைந்தது 40-க்கு மேல் வேண்டும். நான் 200 முறை அளக்கும்படி வைத்தேன். சுழற்சி அளவுகளை அச்சிடும் வரிகளை நீக்கி விட்டால் திரை தெளிவாகும். பதிவுகளைச் சேமிக்க புட்டி என்ற இலவச புரோகிராம் போதும். சீரியல் போர்ட்டில் வருவதை அப்படியே டெக்ஸ்ட் பைலாக எழுதி விடும். அதை எக்ஸெலில் திறந்து கொள்ளலாம்.

ஒட்டும் முறையிலும் கவனம் தேவை. மெத்தென்ற டபுள் சைடு டேப் அதிர்வைக் குடித்து விடும். நான் போர்டை ஒரு கிரானைட் துண்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அந்தத் துண்டைத் தரையில் வைத்தேன்.

பிரஸ்ஸா, லாரியா?

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு, எஸ்டேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடும் பட்டறையும் கலந்தே வளர்ந்தன. எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஒரு ஷெட்டில் பவர் பிரஸ். தகடு வெட்டும் ஜாப் ஒர்க். அதற்கு அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு சார். பிரஸ் அடித்து அடித்துத் தன் வீட்டு முன்னறைச் சுவரில் விரிசல் விட்டு விட்டது என்பது அவர் புகார். "தம்பி, ரோட்டுல தண்ணி லாரி போறதுல ஆடுது. என் மிஷின் மேல பழி போட்டா எப்படி?" என்பது பட்டறைக்காரர் பதில். சார் வாடகை வீட்டுக்காரர் அல்ல, விட்டு விட்டுப் போக. பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. பட்டறைக்காரருக்கும் அந்த ஒரு பிரஸ்தான் சோறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதும் வரை பேச்சு போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை இருவரையும் சம்மதிக்க வைத்தேன். கிரானைட் துண்டை சார் வீட்டு முன்னறையில் சுவர் ஓரமாக வைத்தாயிற்று. பத்து நிமிடம் பிரஸ் ஓட வேண்டும், பத்து நிமிடம் நிற்க வேண்டும். இப்படி மூன்று முறை. வாசலில் உட்கார்ந்து லாரி போகும் நேரத்தை நோட்டில் எழுதும் வேலையை சாரே ஏற்றுக் கொண்டார். ரயில் நேரத்தையும் எழுதினார், கேட்காமலே.

சிப் அசையாமல் இருக்கும்போதே மூன்று, நான்கு மில்லி ஜி அளவுக்குக் கோடு நடுங்கிக் கொண்டிருக்கும். இது சிப்புக்குள்ளேயே உண்டாகும் மின் சலசலப்பு. எலெக்ட்ரானிக்ஸில் நாய்ஸ் என்பார்கள். தண்ணீர் லாரி போனபோது இந்த நாய்ஸுக்கு மேல் கோடு லேசாகத் தலை காட்டியது. ரயில் தெரியவே இல்லை. பிரஸ் ஓடிய நேரங்களில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முள், 25 முதல் 28 மில்லி ஜி வரை. நிறுத்தியதும் கோடு படுத்து விட்டது. மூன்று முறையும் அப்படியே. பட்டறைக்காரர் திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி தம்பி, நம்ம மிஷின்தான்" என்றார். அதைச் சொல்ல ஒரு பெரிய மனது வேண்டும்.

ஆனால் சார் எதிர்பார்த்தது அதோடு முடியவில்லை. "அப்போ விரிசலும் அதனாலதானே?" என்றார். அதை இந்தச் சிப் சொல்லாது. கட்டடத்துக்குச் சேதமா என்று பார்க்க, அதிர்வின் வேகத்தை விநாடிக்கு எத்தனை மில்லி மீட்டர் என்று கணக்கிடுவார்கள். எங்கள் பதிவில் முள் ஒவ்வொன்றும் சுமார் 18 ஹெர்ட்ஸ் அளவில் ஆடியது. 28 மில்லி ஜி-யை அந்த ஹெர்ட்ஸில் வேகமாக மாற்றினால் விநாடிக்கு ஏறக்குறைய 2.4 மி.மீ. வருகிறது. சாதாரண வீடுகளுக்கு ஜெர்மனியின் டி.ஐ.என். 4150 என்ற தர அளவு, அஸ்திவாரத்தில் அளக்கும்போது, குறைந்த ஹெர்ட்ஸ்களில் 5 மி.மீ. வரை அனுமதிக்கிறது. அதற்குள்தான் இருக்கிறது. விரிசலுக்கு மண் இறங்கியது, பூச்சு காய்ந்தது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். தவிர, நாம் அளந்தது அஸ்திவாரத்தில் அல்ல, தரையில். இந்தப் பதிவைச் சான்றாக எந்த அலுவலகத்திலும் நீட்ட முடியாது. அதற்கு முறையாகத் தரம் பார்த்த கருவியும் அதை இயக்கத் தெரிந்த பொறியாளரும் வேண்டும்.

பட்டறைக்காரர் அடுத்த மாதமே பிரஸ்ஸின் கால்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பேட் போட்டார். மறுபடி அளந்தபோது 9 மில்லி ஜி-க்கு மேல் போகவில்லை. விரிசலின் மேல் சார் ஒரு துண்டுக் காகிதத்தைக் குறுக்கே ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறார். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும். கொத்தனார்களின் பழைய முறை. அந்த வேலைக்கு என் சிப்பை விட அதுதான் பொருத்தம்.

நம் பாதம் உணரும் மெல்லிய அதிர்வு பல நேரங்களில் இந்தச் சிப்பின் நாய்ஸுக்குள் மறைந்து விடும் என்பதையும் சொல்லி விடுகிறேன். அதனால் "திரையில் ஒன்றும் தெரியவில்லை, எனவே அதிர்வே இல்லை" என்று யாரிடமும் வாதாட வேண்டாம். ஏ.டி.எக்ஸ்.எல்.355 என்ற சிப்பில் நாய்ஸ் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்குதான். விலையோ பல மடங்கு. பழகிய பிறகு யோசிக்கலாம்.

மோட்டாருக்கும் பூகம்பத்துக்கும்

வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இருந்தால், இப்போது நன்றாக ஓடும்போதே ஒரு முறை அளந்து அந்தப் பைலைத் தேதியுடன் வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே போல ஒட்டி அளக்க வேண்டும். எண் கூடிக் கொண்டே போனால் பேரிங் தேய்கிறதா, அடி போல்ட் தளர்ந்ததா என்று மெக்கானிக்கிடம் காட்டலாம். காயில் கருகிய பிறகு ரீவைண்டிங்குக்குக் கொடுப்பதை விட இது மலிவு. மோட்டார் அருகில் ஈரம் இருக்கும். கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்து, கரண்டை நிறுத்தி விட்டுத்தான் சென்சாரை ஒட்டவோ எடுக்கவோ வேண்டும்.

பூகம்பத்துக்கு ஒற்றைச் சிப் போதாது. யாராவது கதவைச் சாத்தினாலும் ஆடும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் ஆடினால்தான் நம்பலாம். கூகுளின் நிலநடுக்க எச்சரிக்கை அப்படித்தான் செயல்படுகிறது. சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்ட் போன்களின் ஆக்சிலரோமீட்டர்கள் தரும் தகவலைச் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை அனுப்புகிறது. இந்தியாவில் 2023 செப்டம்பரில் அறிமுகமானது. சென்னைக்கு இது தேவையா என்று கேட்பவர்கள், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலோரத்தில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தில் இங்கே கட்டில் ஆடியதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் போனில் செட்டிங்ஸ் சென்று, சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்ற பிரிவில் எர்த்குவேக் அலர்ட்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சில போன்களில் இது லொகேஷன் பிரிவின் கீழ் இருக்கும். நெட் இணைப்பும் லொகேஷனும் ஆன் செய்திருந்தால்தான் எச்சரிக்கை வரும்.